கம்ப்ரசரைச் சுற்றுவது யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கொல்கத்தா நெடுஞ்சாலையில் வரிசைகட்டும் பேருந்துகளை வெளியிலிருந்து பார்த்தாலே போதும், ஒன்றின் ஏசி இன்னொன்றைப் போல இருக்காது. சிலவற்றுக்குக் கூரை நடுவில் பெரிய புடைப்பு, சிலவற்றுக்குப் பின்கோடியில். சில பழைய வண்டிகளின் கூரை மொட்டையாக இருக்கும். ஆனால் பக்கவாட்டில், இரு சக்கரங்களுக்கும் நடுவே, சல்லடை போட்ட ஒரு கதவு தெரியும்; உள்ளே இரண்டாவதாக ஓர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். ஆம்னி பஸ்ஸாக ஊர் ஊராக ஓடி முடித்து, ஆலைத் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு வந்த வண்டிகளில் இந்த விதவிதமான அமைப்புகளைப் பார்க்கலாம்.

உள்ளே நடக்கும் வேலை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பல பேருந்துகளின் ஏசியில் இருக்கும் கேஸின் பெயர் ஆர்-134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். பயணிகளின் தலைக்கு மேலிருக்கும் கூலிங் காயிலுக்குள் அழுத்தம் சுமார் மூன்றரை பார் என்று வைத்தால், 5 டிகிரியில் கொதிக்கும். கொதிக்கத் தேவையான வெப்பத்தை அது பேருந்தின் காற்றிலிருந்து உறிஞ்சுகிறது, நமக்குக் குளிர்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் சுமார் 17 பார் வரை அமுக்கினால், 60 டிகிரியிலும் மறுபடி திரவமாகும். திருத்தணியில் 42 டிகிரி வெயில் அடித்தாலும் 60 டிகிரிக் குழாய்க்கு அது குளிர்ந்த காற்றுதான். வெப்பத்தை அதனிடம் தள்ளிவிடலாம். பள்ளத்துத் தண்ணீரை மேட்டுக்கு இறைப்பது போன்ற வேலை இது. இறைக்க யாராவது வேண்டும். அந்த யாராவது யார் என்பதில்தான் பேருந்து ஏசிகளின் வரலாறே அடங்கியிருக்கிறது.

இறைக்க வேண்டிய அளவும் கொஞ்சமில்லை. 12 மீட்டர் நகரப் பேருந்தின் ஏசி 30 முதல் 35 கிலோவாட் வரை வெப்பத்தை வெளியேற்றும். கடைக்காரர் கணக்கில் ஒன்பது, பத்து டன். ஆறு வீடுகளின் ஒன்றரை டன் ஏசிகளைக் கழற்றி ஒரு கூரையில் ஏற்றியதற்குச் சமம். அறுபது பேர் நெருக்கியடித்து நின்றால் அவர்களின் உடல்களே ஆறு கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் விடுகின்றன. கூடவே கண்ணாடி வழியே வெயில், நிறுத்தத்துக்கு நிறுத்தம் திறக்கும் கதவு.

கதவு திறக்கும்போது எந்த ஊர்க் காற்று உள்ளே வருவது கெடுதல்? திருத்தணியின் 42 டிகிரி வறட்டுக் காற்று என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால், பழவேற்காட்டுப் பக்கத்தின் 34 டிகிரி புழுக்கம்தான் ஏசிக்குப் பெரிய சுமை. வறண்ட காற்றில் கிலோவுக்கு 17 கிராம் நீராவி இருந்தால், கடலோரக் காற்றில் 23 கிராம் இருக்கும் என்று கொள்வோம். காயிலில் ஒரு லிட்டர் நீர் படிய வேண்டுமானால், ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கச் செலவாகும் அளவு வெப்பத்தை, ஏறத்தாழ 2,450 கிலோஜூலை, வெளியேற்றியாக வேண்டும். எட்டு டிகிரி குறைவாக இருந்தும் கடலோரக் காற்று அதிக வெப்பத்தைச் சுமந்து வருவது இதனால்தான். அப்படிப் படியும் நீர் ஒரு மெல்லிய குழாய் வழியே சாலையில் சொட்ட வேண்டும். தூசி அடைத்துவிட்டால் ஜன்னலோரப் பயணியின் தோளில் சொட்டும்.

இறைப்பவர் யார் என்ற கேள்விக்குப் பழைய விடை, ஏசிக்கென்றே தனி டீசல் எஞ்சின். எடை கூடும், சத்தம் கூடும், சாமான் வைக்கும் இடம் போகும், டீசல் தனியாகத் தீரும். ஆனாலும் இதைக் கேலி செய்வது நியாயமில்லை. வண்டி நின்றாலும் ஓடினாலும் அந்த எஞ்சின் ஒரே வேகத்தில் சுற்றும், குளிர் மாறாது.

அடுத்த விடை, வண்டியின் சொந்த எஞ்சினே பெல்ட் போட்டுக் கம்ப்ரசரைச் சுற்றுவது. 2000களின் பிற்பகுதியில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஓட்டத் தொடங்கிய வால்வோ ஏசி பேருந்துகள் இந்த வகை. எஞ்சினும் கம்ப்ரசரும் பின்பக்கம். வெப்பத்தை வெளிக்காற்றில் தள்ளும் குழாய்த்தொகுதியான கண்டன்சரும் கூலிங் காயிலும் கூரையில். இரண்டையும் இணைத்துக்கொண்டு உடற்கூட்டுக்குள் குழாய்கள். தனி எஞ்சினின் எடை மிச்சம். ஆனால் இதில் ஒரு விசித்திரமான குறை உண்டு. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாதவரத்தில் வண்டி சிக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு அறுநூறு எழுநூறு சுற்றுதான் சுற்றும். கம்ப்ரசரும் அதே கதியில் மந்தமாகிவிடும். காற்றோட்டமின்றி வெயிலில் நிற்கும் நேரத்தில், குளிர் மிகவும் தேவைப்படும்போது, அது குறையும். நெடுஞ்சாலையில் எஞ்சின் மூன்று மடங்கு வேகமாகச் சுற்றும். அப்போது தேவைக்கு மேல் குளிரும், மின்காந்தக் கிளட்ச் கம்ப்ரசரை விடுவிக்க வேண்டியிருக்கும். ஏசி போட்டால் வண்டி இழுக்கவில்லை என்று ஓட்டுநர் சொல்வதும் உண்மைதான். பத்து கிலோவாட்டுக்கு மேல் சக்கரத்துக்குப் போகாமல் பெல்ட்டுக்குப் போகிறது.

இந்த வகையின் இன்னொரு பலவீனம் கம்ப்ரசரின் தண்டு. சுமார் 650 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அந்த உருளைகளின் பிஸ்டன்களை இயக்கும் தண்டு, உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துதான் பெல்ட்டைப் பிடிக்க முடியும். சுழலும் தண்டைச் சுற்றி எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் கொஞ்சம் கசியும். மீட்டர் கணக்கில் ரப்பர் குழாய், சாலையின் அதிர்வு வேறு. ‘கேஸ் இறங்கிடுச்சு’ என்று பணிமனையில் சொல்லப்படும் நோயின் மூலம் பெரும்பாலும் இவைதான். ஒரு காலத்தில் அப்படிக் கசிந்தது ஆர்-12, ஓசோனைத் தின்னும் கேஸ். இந்தியாவில் அவ்வகை கேஸ்களைத் தயாரித்த ஆலைகளில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. 2008 ஆகஸ்டில் அந்த உற்பத்தி நாடெங்கும் நின்றது. பதிலுக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில், ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய தொல்லைகளும் உண்டு. கும்மிடிப்பூண்டியின் உருக்காலைப் பகுதியில் கிளம்பும் நுண்தூசி கண்டன்சர் தகடுகளுக்கு இடையே அடையும். காற்று புகாவிட்டால் வெப்பம் போகாது, அழுத்தம் ஏறும், எஞ்சினுக்குச் சுமை கூடும். எண்ணூர் உப்புக்காற்றோ செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் சிறு மின்கலத்தையே உண்டாக்கி அலுமினியத்தை அரிக்கும்.

2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஏசி மின்பேருந்துகள் கிளம்பின. மின்பேருந்தில் இறைப்பவர் ஒரு மின்மோட்டார். அதையும் கம்ப்ரசரோடு சேர்த்து ஒரே உறைக்குள் அடைத்துவிடலாம். வெளியே வரும் தண்டே இல்லாமல் போகும். எல்லாப் பாகங்களும் கூரைப் பெட்டிக்குள் அடங்குவதால் நீளக் குழாய்களும் தேவையில்லை. வண்டி நின்றாலும் மோட்டார் தேவைக்கேற்ற வேகத்தில் சுற்றும்.

குளிருக்கான விலையை இப்போது பேட்டரி கொடுக்கிறது. ஏசி பத்து கிலோவாட் இழுக்கிறது என்று வைப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்குக் கால் யூனிட். நெரிசலில் 15 கிலோமீட்டராகக் குறைந்தால் மூன்றில் இரண்டு யூனிட். பேருந்தை நகர்த்தவே கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு யூனிட்தான் ஆகும். ஏசி தூரத்துக்குச் செலவு செய்வதில்லை, நேரத்துக்குச் செலவு செய்கிறது. சார்ஜரில் இருக்கும்போதே வண்டியைக் குளிர்வித்துவிட்டுக் கிளப்புவது இதனால் லாபம்.

அடுத்து மாறப்போவது கேஸ். 2021இல் இந்தியா ஏற்ற கிகாலி உடன்பாட்டின்படி ஆர்-134ஏ வகையறாவின் பயன்பாடு 2047க்குள் 85 சதவீதம் குறைய வேண்டும். ஜெர்மனியில் சில பேருந்துகள் கரியமில வாயுவையே கேஸாகப் பயன்படுத்துகின்றன. நம் ஊரில் அதற்கு ஒரு சிக்கல்: 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாகாது, நூறு பார் தாண்டினாலும் சரி. இங்கே காலை ஒன்பது மணிக்கே 31 ஆகிவிடுகிறது. ஐரோப்பாவில் முயன்றுபார்க்கும் மற்றொன்றான புரொப்பேன் வெப்ப நாட்டுக்கு இன்னும் பொருத்தம். எண்ணூரில் கப்பலில் வந்து இறங்கும் சமையல் கேஸில் கணிசமான பங்கு அதுதான். சிலிண்டரைத் திறந்து அப்படியே அடித்துவிட முடியாது. ஈரமும் கந்தக வாசனையும் இல்லாத தூய புரொப்பேன் வேண்டும். தீப்பற்றுவது என்பதால் கேஸைக் கூரைப் பெட்டியோடு நிறுத்திவிட்டு, குளிர்ந்த நீர்க்கரைசலை மட்டும் பயணிகள் பக்கம் அனுப்ப வேண்டும். தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பழைய பெல்ட் கம்ப்ரசரோடு இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்தே பார்த்திருக்க முடியாது.