கவிஞனும் காக்கையும்



வெள்ளவத்தைக் கடலோரத்திலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் காக்கையின் குரலோடுதான் பொழுது விடிகிறது. காகம் கரைந்தால் விருந்து வரும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. அதனைக் குறுந்தொகையில் பாடியமையால் நச்செள்ளையார் 'காக்கைபாடினியார்' எனப் பெயர் பெற்றார் என்பர். பாடிய பறவை இங்கே புலவரின் பெயராயிற்று. பிரான்சு நாட்டிலோ அது ஒரு கவிஞரின் உருவப்படத்திலேயே இடம்பெற்றது.

1891 சனவரியில் ஓவியர் போல் கோகான், கவிஞர் ஸ்தெபான் மல்லார்மேயின் முகத்தைச் செப்புத் தகட்டில் வரைந்தார். நம் செப்பேடுகளில் எழுத்தை வெட்டியது உளி. இம்முறையிலோ கோட்டை அரிப்பது அமிலம். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவர். கீறிய இடம் மட்டும் பள்ளமாகும். பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். கோகான் தம் வாழ்நாளில் இம்முறையிற் செய்த படம் இஃது ஒன்றே.

படத்திலே கவிஞரின் தலைக்குப் பின்னால் ஓர் அண்டங்காக்கை தோன்றுகிறது. அஃது அவர் படைத்த பறவை அன்று. அமெரிக்கக் கவிஞர் எட்கார் ஆலன் போ 1845இல் வெளியிட்ட கவிதையில் வருவது. நம் காக்கை பிரிந்தவர் வரவை அறிவிக்கும். போவின் காக்கையோ மாண்ட காதலி மீளாள் என்ற துயரையே பெருக்கும். ஆங்கில ஆசிரியராய் வாழ்ந்த மல்லார்மே அக்கவிதையைப் பிரெஞ்சு உரைநடையில் பெயர்த்தார். 1875இல் ஓவியர் மானேயின் படங்களுடன் அந்நூல் வெளிவந்தது.

கோகான் அக்காலத்தில் தாகித்தித் தீவுக்குப் புறப்படப் பொருளின்றித் தவித்தார். மல்லார்மே எழுத்தாளர் மிர்போவை அணுகி, கோகானைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுமாறு வேண்டினார். பெப்ரவரி 23ஆம் நாள் ஓவியங்கள் ஏலத்தில் விற்பனையாயின. மார்ச்சு 23ஆம் நாள் நடந்த பிரிவு விருந்துக்கு மல்லார்மேயே தலைமை தாங்கினார். ஏப்ரல் முதல் நாள் கோகான் கப்பலேறினார்.

மொழிபெயர்ப்பாளரைக் கவிஞரினும் ஒருபடி தாழ வைப்பது உலக வழக்கு. ஒரு கவிஞரை அடையாளம் காட்ட விரும்பிய ஓவியரோ, அவர் பிறமொழியிலிருந்து அழைத்து வந்த பறவையைத் தேர்ந்தார். இருமொழி வழங்கும் இக்கொழும்பு மாநகரில் மொழிபெயர்ப்புப் பணி புரிவோர் பலர். அவர்தம் உழைப்புக்கும் இத்தகைய மதிப்பு உரியதன்றோ? நாளைக் காலையில் காகம் கரையும்போது இதனைச் சிறிது எண்ணிப் பாருங்கள்.