அமுக்கு... குடி... கொஞ்சம் யோசி!

“என்னங்க, தம்பி அமெரிக்காவுலேர்ந்து கொண்டு வந்தானே, கம்பி வெச்ச கண்ணாடி ஜாடி... அது எதுக்கு?”

“காபி போடறதுக்காம். பிரெஞ்ச் பிரஸ்னு பேரு.”

“அதான் நம்ம வீட்டுல ஃபில்டர் இருக்கே?”

“அதனாலதான் அதைத் தூக்கிப் பரண்ல வெச்சேன்!”

வெளிநாட்டுப் பிள்ளைகள் கொண்டுவரும் சாமான்களில் சாக்லேட் ஒரே நாளில் காலி. சென்ட் பாட்டில் ஒரு வருஷம் தாங்கும். இந்தக் கண்ணாடி ஜாடி மட்டும் அட்டைப் பெட்டியைவிட்டு வெளியே வராது. வந்தாலும் வந்த வேலையைப் பார்க்காது. ஒரு வீட்டில் அதில் ஸ்பூன்களைச் செருகி வைத்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் தண்ணீர் ஊற்றி மணிபிளான்ட் வளர்க்கிறார்கள். செடிக்குக் காபி வாசனை பிடிக்குமோ என்னவோ!

பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம். ஆனால், வீட்டில் யாருக்காவது ‘கொழுப்பு’ இருந்தால் (நாக்கில் இருக்கும் கொழுப்பைச் சொல்லவில்லை, ரத்தத்தில்!) கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் இறக்குங்கள்.

பேர் மட்டும் பிரெஞ்ச்!

1852-ல் பாரிஸில் மேயர், டெல்ஃபோர்ஜ் என்று இரண்டு பேர், கம்பி நுனியில் ஓட்டைத் தகடு ஒன்றை மாட்டி, காபிப் பாத்திரத்துக்குள் அமுக்கும் சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். தகடு பாத்திரத்தின் சுவரோடு ஒட்டி உட்காராததால் இடுக்கு வழியே தூள் மேலே வந்தது. சுமார் முக்கால் நூற்றாண்டு கழித்து, 1929-ல் இத்தாலியின் மிலான் நகரத்து அட்டிலியோ காலிமானியும் ஜூலியோ மொனேட்டாவும் தகட்டைச் சுற்றி ஒரு ஸ்பிரிங்கை ஓடவிட்டு இடுக்கை அடைத்தார்கள். பிறகு ஃபலியேரோ பொண்டானினி என்பவர் 1958-ல் அதை இன்னும் செம்மைப்படுத்திக் காப்புரிமை பெற்றார். அவருடைய ஜாடி தயாரானது எங்கே தெரியுமா? பிரான்சில் கிளாரினெட் செய்யும் ஒரு தொழிற்சாலையில்! 1974-ல் டென்மார்க்கின் போடம் கம்பெனி ‘பிஸ்ட்ரோ’ என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்து வீடு வீடாகப் பரப்பியது.

ஆக, திருத்தியது இத்தாலி, விற்றது டென்மார்க், பேர் பிரான்சுக்கு. பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினது ஒருத்தர், வாசலில் நின்று கும்பிடு வாங்கிக்கொண்டது இன்னொருத்தர்! இங்கிலாந்தில் இதற்கு ‘காஃபெத்தியேர்’ என்று பெயர். ஆஸ்திரேலியாவில் சுருக்கமாக ‘பிளஞ்சர்’.

குளிப்பதும் ஊறுவதும்

நம் பித்தளை ஃபில்டரில் தண்ணீர் தூளைக் கடந்து சொட்டுச் சொட்டாய் இறங்குகிறது. தூளுக்கு அது ஷவர் குளியல். பிரஸ்ஸில் தூள் வெந்நீரிலேயே கிடந்து ஊறுகிறது. தொட்டிக் குளியல்! நாலு நிமிஷம் ஊறியதும் கம்பிவலையை மெள்ள அமுக்கினால் தூள் கீழே, காபி மேலே. அவ்வளவுதான் தொழில்நுட்பம். மின்சாரம் வேண்டாம், மெஷின் வேண்டாம்.

ஆனால், ஃபில்டருக்கு வாங்கின பொடியை அப்படியே இதில் போட்டால் வம்பு. காபித்தூள் கடையில் போய், “ரவை பதத்துக்குக் கொரகொரன்னு அரைச்சுக் கொடுங்க, சிக்கரி வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். “சிக்கரி இல்லாம திக்கா வராது சார்” என்பார். அவர் சொல்வது ஃபில்டருக்குச் சரி. சிக்கரி தண்ணீரில் தாராளமாகக் கரைந்து டிகாக்‌ஷனுக்குக் கருப்பும் கனமும் தரும். பிரஸ்ஸில் அந்த நைஸ் பொடி வலையை அடைக்கும், மிச்சம் டம்ளரின் அடியில் சேறாக நிற்கும்.

பாக்கெட்டில் வாங்குபவர்கள் பின்பக்கத்தைப் படியுங்கள். சிக்கரி கலந்த காபித்தூளில் காபி குறைந்தது 51 சதவிகிதம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். எத்தனை சதவிகிதம் என்று பாக்கெட்டிலேயே போட வேண்டும். அதாவது, 49 சதவிகிதம் வேறு ஒரு செடியின் வேர் இருந்தாலும் சட்டப்படி தப்பில்லை! பிரஸ்ஸுக்கு 100 சதவிகிதம் காபி என்று போட்டிருப்பதுதான் சரி.

போடும் விதம்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் தூள் என்பது உலகம் முழுக்கப் பழகிப்போன கணக்கு. நம் வீட்டு டம்ளருக்கு, 150 மில்லி என்று வைத்துக்கொண்டால், 9 கிராம்.

முதலில் ஜாடியில் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுழற்றிக் கொட்டுங்கள். ஜாடி சூடாகும், பதினைந்து வருஷப் பரண் வாசனையும் போகும். தூளைப் போட்டு, கொதித்து அரை நிமிஷம் ஆறின தண்ணீரை ஊற்றுங்கள். மேலே நுரை கட்டி ஒரு ஏடு நிற்கும். நாலு நிமிஷம் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். பிறகு ஸ்பூனால் ஏட்டைக் கலைத்துவிட்டு, மூடியைப் போட்டு மெள்ள அமுக்குங்கள்.

இங்கே ஒரு ஆசாமி குறுக்கிடுகிறார். ஜேம்ஸ் ஹாஃப்மன் என்ற இங்கிலாந்துக்காரர். காபி போடுவதில் 2007-ன் உலக சாம்பியன் (ஆமாம், அதற்கும் உலகக் கோப்பை இருக்கிறது!). அவர் யோசனை என்னவென்றால், ஏட்டைக் கலைத்து, மிதக்கும் நுரையை வழித்து எறிந்துவிட்டு இன்னும் ஐந்து நிமிஷமாவது சும்மா இருங்கள், தூள் தானாகவே அடியில் போய்ப் படுத்துவிடும். வலையைத் தண்ணீர் மட்டத்துக்கு மட்டும் இறக்கி வடிகட்டினால் போதும், அமுக்கவே வேண்டாம் என்கிறார். ‘பிரஸ்’ என்று பேர் வைத்த சாமானை அமுக்காதே என்கிறாரே என்று தோன்றும். ஆனால் வண்டல் நிஜமாகவே குறைகிறது.

போட்ட காபியை ஜாடியிலேயே விட்டுவைக்காதீர்கள். வலைக்குக் கீழே தூள் ஊறிக்கொண்டேதான் இருக்கும். அரை மணி கழித்துக் குடித்தால் கஷாயம்.

கை பத்திரம்!

அமுக்கும்போது கம்பி இறங்க மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். பொடி நைஸாக இருந்து வலை அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் உள்ளங்கையை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினால், கொதிநீர் ஓரமாகப் பீய்ச்சிக்கொண்டு கை மேலேயே வரும். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். கம்பியைக் கொஞ்சம் மேலே தூக்கி, நிதானமாக மறுபடி இறக்குங்கள். அப்போதும் இறங்கவில்லையா? விட்டுவிடுங்கள். ஒரு வடிகட்டியில் வடித்துக்கொண்டால் மானம் ஒன்றும் போய்விடாது. மேடையின் நடுவில் வைத்துச் செய்யுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

குடித்ததும் வலையைத் திருகிக் கழற்றிக் கழுவுவது முக்கியம். காபியின் எண்ணெய் வலைக்குள் தங்கி, இரண்டு நாளில் சிக்குவாடை அடிக்கும். சக்கையை ஸிங்க்கில் கொட்டினால் பிளம்பருக்கு வருமானம். செடிக்குப் போடுங்கள்.

வரவு செலவு

பி.காம். படித்த தோஷம், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. மேலே சொன்னது பால் இல்லாத காபிக்கான கணக்கு. அந்தத் தண்ணிக் காபியில் முக்கால் டம்ளர் பாலை ஊற்றினால், கிடைப்பது காபி கலர் பால். வீட்டுக்கு வந்த சம்பந்திக்கு அதைக் கொடுத்தால் உறவே கெட்டுவிடும்!

பால் காபிதான் வேண்டும் என்றால் தூளைக் கூட்ட வேண்டும். 250 மில்லி தண்ணீருக்கு 30 கிராம். சக்கை தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் கையில் கிடைப்பது 190 மில்லி சுமார். சரிபாதி பால் சேர்த்தால் இரண்டு பேருக்குத் தாராளம். ஆளுக்கு 15 கிராம் தூள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர், காலை ஒன்று, மாலை ஒன்று என்றால் மாசத்துக்கு 1 கிலோ 800 கிராம். அதே தம்பதி கறுப்புக் காபி குடித்தால் 1 கிலோ 80 கிராமில் முடிந்துவிடும், பால் செலவும் இல்லை.

போதாக்குறைக்கு, பிரஸ்ஸில் ‘இரண்டாம் டிகாக்‌ஷன்’ என்ற தர்மமே கிடையாது. திடீரென்று நாலு பேர் வாசலில் செருப்பைக் கழற்றினால் காப்பாற்ற ஆளில்லை.

பெட்டி மேல் ‘8 கப்’ என்று போட்டிருப்பதையும் நம்பாதீர்கள். அது ஒரு லிட்டர் ஜாடி. அவர்கள் கப் 125 மில்லி. ‘3 கப்’ என்பது 350 மில்லி, நம் ஊர்க் கணக்கில் இரண்டு டம்ளர்தான்.

அதனால், ஃபில்டரை எடைக்குப் போட வேண்டாம். பால், சர்க்கரை இல்லாமல் காபி குடிப்பவர்களுக்குத்தான் பிரஸ் லாபம்.

இப்போதுதான் விஷயமே!

பால், சர்க்கரை இல்லாமல் யார் குடிக்கிறார்கள்? பெரும்பாலும் டாக்டர் பயமுறுத்தியவர்கள். சுகர் வந்துவிட்டது, எடை ஏறிவிட்டது, ‘கட்’ என்று சொல்லிவிட்டார். சரி, கறுப்புக் காபிக்கு மாறுவோம் என்று பரணிலிருந்து ஜாடியை இறக்குகிறார் வீட்டுப் பெரியவர். நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைப்பு. பொறி அங்கேதான் இருக்கிறது.

காபிக்கொட்டையின் எண்ணெயில் காஃபெஸ்டால் என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றும். பிரஸ்ஸின் கம்பிவலை தூளை நிறுத்தும், எண்ணெயை நிறுத்தாது. பிரஸ் காபி நாக்கில் வழவழவென்று கனமாக இருப்பதற்கு அந்த எண்ணெயும் காரணம். எது ருசியோ அதுவேதான் வினையும்!

முதலில் மணி அடித்தது நார்வே நாட்டின் துரொம்ஸோ நகரம். காபி அதிகம் குடிப்பவர்களுக்குக் கொலஸ்ட்ராலும் அதிகம் என்று 1983-ல் அங்கே நடந்த ஆய்வு சொன்னது. நார்வேக்காரர்கள் அப்போது தூளைத் தண்ணீரோடு கொதிக்கவைத்தே குடித்துவந்தார்கள். அடுத்து 1996-ல் நெதர்லாந்தில் 46 ஆரோக்கியமான ஆட்களைப் பிடித்தார்கள். பாதிப் பேருக்கு பிரஸ் காபி, மீதிப் பேருக்குப் பேப்பரில் வடித்த காபி. தினமும் ஐந்தாறு கப், ஸ்ட்ராங்காக, சுமார் ஆறு மாதம். பிரஸ் கோஷ்டிக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 9 முதல் 14 சதவிகிதம் ஏறியது. நிறுத்தின பிறகு வித்தியாசம் மறைந்துவிட்டது.

பயப்பட வேண்டாம். அவர்கள் குடித்தது தினம் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். கொலஸ்ட்ரால் தொல்லை இல்லாதவர் காலையில் ஒரு டம்ளர் குடிப்பதால் குடி முழுகிவிடாது. ஆனால் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர், ஸ்டென்ட் வைத்தவர், ‘கறுப்புக் காபிதானே’ என்று பிரஸ்ஸில் நாலு தடவை போட்டுக் குடித்தால், ஒரு கையால் மாத்திரை போட்டு மறு கையால் அதைத் தள்ளிவிடுகிறார் என்று அர்த்தம்.

பரிகாரம் ரொம்ப எளிது. பேப்பர்! 1908-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத் தலைவி, காபியின் கசப்பும் சக்கையும் பிடிக்காமல், பையன் நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து, ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்து வடிகட்டினார். அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அவருக்குக் கொலஸ்ட்ராலைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால், அந்தத் தாள் காஃபெஸ்டாலைப் பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிரஸ்ஸில் போட்ட காபியையே இப்போது கடைகளில் கிடைக்கும் காபி பேப்பரில் ஒரு தரம் வடித்துக் குடிக்கலாம். வழவழப்பு போகும், வாசனை இருக்கும். இன்ஸ்டன்ட் காபியிலும் காஃபெஸ்டால் மிகக் குறைவுதான். ‘பொடி கரைச்ச தண்ணி’ என்று நாம் கேலி செய்யும் அதற்கும் ஒரு நல்ல குணம்!

பேப்பரில் வடிக்க அலுப்பாக இருந்தால், ஜாடிக்கு வேறு உத்தியோகம் உண்டு. காய்ச்சி மிதமாக ஆறிய பாலைக் கால்வாசி ஊற்றி, கம்பியை மேலும் கீழும் இருபது தரம் குத்தினால் நுரை பொங்கி மேலே வரும். டவராவில் ஆற்றத் தெரியாத மருமகப்பிள்ளைகள் கவனிக்க!

டாக்டரிடம் போனால், “காபி குடிக்கலாமா?” என்று எல்லோரும் கேட்கிறோம். அவரும் “ரெண்டு கப் குடிங்க” என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார். அடுத்த தடவை ரிப்போர்ட்டை நீட்டும்போது, எத்தனை கப் என்பதோடு எதில் போட்ட காபி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டோக்கனைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்ப்பார்.