அமிலத்தில் எந்த உலோகம் கரையும்?

அமிலம் என்றாலே எதையும் அரித்துத் தீர்க்கும் திரவம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள ஒரு சோதனைக் குழாயில் துத்தநாகத் துண்டையும் இன்னொன்றில் செப்புக் கம்பியையும் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் ஆட்டம் காணும். துத்தநாகத்தின் மேல் குமிழிகள் மொய்க்கும். குழாயைத் தொட்டால் சுடும். வாயருகே எரியும் குச்சியைக் காட்டினால் ‘பப்’பென்று வாயு எரியும். துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் ஆகியவற்றை அமிலத்தில் இட்டு ஹென்றி கேவண்டிஷ் 1766இல் ஆராய்ந்து விவரித்த ஹைட்ரஜன்தான் அது. செம்போ போட்டது போட்டபடி கிடக்கும். இரண்டிலும் அமிலம் ஒன்றே என்பதால், வேறுபாட்டை உலோகத்திடம்தான் தேட வேண்டும்.

அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளுக்கு எலக்ட்ரான் தேவை. துத்தநாக அணு தன் எலக்ட்ரான்கள் இரண்டை எளிதில் கொடுத்துவிட்டு, அயனியாகிக் கரைகிறது. அவற்றைப் பெற்ற இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் சேர்ந்து ஒரு மூலக்கூறாகி வெளியேறுகின்றன. சுமார் 65 கிராம் துத்தநாகம் கரைந்தால் 2 கிராம் ஹைட்ரஜன் கிடைப்பது இந்தக் கணக்கின்படிதான். மக்னீசியம், அலுமினியம், இரும்பு ஆகியவையும் இப்படிக் கொடுப்பவை. செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் எலக்ட்ரானை ஹைட்ரஜனுக்கு விட்டுத்தராதவை. புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம் பளபளப்பதும் இதனால்தான்: புளியின் அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது, அடியில் உள்ள செம்பை விட்டுவிடுகிறது.

அப்படியானால் நைட்ரிக் அமிலத்தில் செம்பு பழுப்புப் புகை கக்கிக் கரைவது எப்படி என்று கேட்கலாம். அந்தப் புகை நைட்ரஜன் டைஆக்சைடு, ஹைட்ரஜன் அன்று. அங்கே எலக்ட்ரானைப் பறிப்பது ஹைட்ரஜன் அயனியைவிட வலிய நைட்ரேட். அதனிடமும் தங்கம் மசியாது. நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் கலந்த இராஜ திராவகத்தில்தான் அது கரையும்: ஒன்று எலக்ட்ரானைப் பறிக்க, மற்றொன்றின் குளோரைடு தங்க அயனியைப் பிணைத்துக்கொள்கிறது.

எலக்ட்ரானை இவ்வளவு எளிதில் தரும் அலுமினியம், அடர் நைட்ரிக் அமிலத்தில் கரையாமல் இருப்பது அடுத்த ஆட்சேபம். சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலம் உலோகத்தை மூடிக் காக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்ட அலுமினியம் முதலில் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, படலம் கரைந்ததும் பொங்கி எழுவதே இதற்குச் சான்று. ஆகவே ஓர் உலோகம் கரையுமா என்பதைச் சொல்ல அமிலத்தின் வீரியம் மட்டும் போதாது. எலக்ட்ரானைப் பெறுவது எது, உலோகம் அதைத் தருமா, இடையில் படலம் உண்டா என்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும்.