போன் அம்மா கையிலேயே இருக்கட்டும்

கும்பகோணம், மாயவரம் பக்கம் பல தெருக்களில் இப்போது வீட்டுக்கு ஒரு பெரியவர்தான். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்த ஆண்ட்ராய்டு போனில் பேரன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் எடுக்கத் தெரியும். அதற்கு மேல் எதைத் தொட்டாலும் பணம் போய்விடுமோ என்று பயம்.

தொடாமலே இருக்கவும் முடியவில்லை. கேஸ் புக்கிங், கரண்ட் பில், பென்ஷன் எல்லாம் போனுக்குள் போய்விட்டன. டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் வந்த தீர்ப்பு அது. அடையாளச் சரிபார்ப்புக்காகக் கண்ணைச் சிமிட்டச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?

சொல்லிக்கொடுக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். ‘கொடுங்கம்மா, நானே பண்றேன்’ என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அரை நிமிடத்தில் வேலை முடியும். அம்மாவுக்கு ஒன்றும் ஏறாது. வயதானவர்களின் விரல் நுனி காய்ந்திருப்பதால் திரை சில நேரம் தொடுதலை உணராது. உடனே அழுத்திப் பிடிப்பார்கள். அழுத்திப் பிடித்தால் வேறு ஏதோ பட்டியல் திறந்துகொள்ளும், பதறிப் போவார்கள். ‘தட்டிவிட்டு விரலை எடுத்துடுங்க’ என்று காட்டிக்கொடுத்தாலே பாதிப் பதற்றம் போய்விடும். எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றிவிடுங்கள். முதல் வாரம் பணப் பேச்சே வேண்டாம். பேரனுக்குக் குரல் பதிவு அனுப்பிப் பழகட்டும். பிறகு ஒரு ரூபாயை அவர் உங்களுக்கு அனுப்பட்டும், நீங்கள் திருப்பி அனுப்புங்கள். அனுப்பத்தான் பின் நம்பர் தேவை, வாங்கத் தேவையில்லை என்பதை அவரே கண்ணால் பார்த்துவிடுவார். ‘பணம் போடுகிறேன், பின் நம்பரை அடியுங்கள்’ என்பவனிடம் அப்புறம் ஏமாற மாட்டார். ஜிபேயைப் பென்ஷன் கணக்கோடு இணைக்காதீர்கள். கொஞ்சம் பணம் மட்டும் இருக்கும் தனிக் கணக்கு போதும்.

தனியாக இருப்பவர்களையும் குறிவைக்கும் மோசடி ‘டிஜிட்டல் அரெஸ்ட்’. போலீஸ் உடையில் வீடியோ காலில் வருவான். உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது என்பான். இணைப்பைத் துண்டிக்காதே, யாரிடமும் சொல்லாதே என்பதுதான் அவனுடைய முக்கிய நிபந்தனை. அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. யாரிடமும் சொல்லாதே என்று கேட்டதுமே போனை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று இன்றைக்கே ஒருவரை முடிவு செய்து, அவர் எண்ணைச் சுவரில் பெரிதாக ஒட்டிவையுங்கள். பிள்ளை அமெரிக்காவில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் உதவப்போவது எதிர் வீட்டுக்காரர்தான்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் முடக்க அப்போதுதான் வாய்ப்பு உண்டு. கூடவே வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆள் கைவரிசையால் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்துவிட்டால் இழப்பு உங்களுடையதல்ல. 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் தகவல் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. 30 நாளில் வங்கி சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

இத்தனை கெடு இருந்தும் பலர் கோட்டைவிடக் காரணம் மகனின் வாய். ‘உன்னை யாரும்மா அதைத் தொடச் சொன்னது?’ என்ற ஒரு கேள்விக்குப் பயந்தே நாள்கணக்கில் மறைப்பார்கள். மூன்று நாளும் அதிலேயே ஓடிவிடும். திட்டுவதைப் புகார் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ளாவிட்டால் இன்னும் நல்லது.

போனே வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கும் வசதியைச் செய்யும்படி வங்கிகளுக்கு 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கிளையில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றைச் சிறு கட்டணத்துக்குத் தபால்காரரே வீட்டில் பதிவு செய்துகொள்வார். ஆதார், பென்ஷன் உத்தரவு எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.