ரமளான் மீண்டும் கோடைக்கு வரும்போது ஓசூர் எப்படி இருக்கும்?

ஓசூருக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்தே 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயர் உண்டு. ஊர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதே அந்தக் குளிர்ச்சிக்குக் காரணம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். சுமார் 500 மீட்டர் உயரத்திலுள்ள கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்தில் வருபவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால், "முன்பெல்லாம் மின்விசிறியே தேவைப்படாது" என்கிறார்கள் நம் பெரியவர்கள். இது உண்மைதானா?

ஓர் ஆண்டு வெயிலை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் வானிலை ஆய்வாளர்கள் 30 ஆண்டுகளின் சராசரியை அளவுகோலாகக் கொள்கிறார்கள். அதற்கு நெருக்கமான ஒரு கணக்கு நம்மிடமும் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாட்கள் குறைவு என்பதால், ரமளான் எல்லாப் பருவங்களையும் சுற்றி, சுமார் 32 ஆண்டுகளில் பழைய இடத்துக்கு வருகிறது. 1988லும் 2020லும் ஏப்ரல், மே மாதங்களில் நோன்பு நோற்றோம். அடுத்து அதே பருவத்தில் வருவது 2052ல்.

இந்தியாவின் சராசரி வெப்பம் 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி உயர்ந்துள்ளது. 1901 முதலான பதிவுகளில் 2024தான் அதுவரை மிக வெப்பமான ஆண்டு. 2025 பிப்ரவரியும் அப்படியே, அதுவரை கண்ட பிப்ரவரிகளில் மிக வெப்பமானது. கிருஷ்ணகிரி மாந்தோப்புகள் பூவும் பிஞ்சுமாக நிற்கும் மாதம் அது. ஓசூரின் உயரத்திலேயே உள்ள பெங்களூரு 2016 ஏப்ரலில் 39.2 டிகிரியைத் தொட்டது.

நிலக்கரி, பெட்ரோல் புகையால் உலகமே சூடாகிறது. அதோடு ஊரின் சூடும் சேர்கிறது. 1970களில் சிப்காட் வந்தபின் பெருகிய கான்கிரீட்டும் தார்ச் சாலைகளும் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் வெளிவிடுகின்றன. ஏரியும் மரமும் குறையக் குறைய அதைத் தணிக்க வழியில்லை. ஆகவே முதலில் பாதிக்கப்படுவது இரவு. தராவீஹ் முடிந்து வந்தும் வீடு தணியாது. அரைகுறைத் தூக்கத்தோடு ஸஹருக்கு எழுந்து, காலை ஷிஃப்டுக்குச் செல்லும் தொழிலாளிக்கு அது எத்தனை சிரமம்!

ரமளான் இப்போது குளிர்காலத்தை நோக்கி நகர்கிறது. 2030ல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை வரும். இந்த இதமான நோன்புகளில் நாம் கோடையை மறந்துவிடக் கூடாது. கடும் வெயிலில் லுஹர் தொழுகையைச் சற்றுத் தாமதப்படுத்த அனுமதித்த மார்க்கம் நம்முடையது. பள்ளிவாசல் வளாகத்தில் வேம்பும் புங்கனும் நடுவோம். ஒளூ செய்த தண்ணீரை அவற்றுக்குத் திருப்புவோம். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவோம்.

இன்று முதல் நோன்பு நோற்கும் பிள்ளைகள் 2052ல் தம் பிள்ளைகளோடு நோன்பு நோற்பார்கள். இன்ஷா அல்லாஹ், அன்று அவர்களுக்கு நிழல் தரும் மரத்தை இன்றே நட்டாக வேண்டும்.