மலைவழியும் பற்சக்கரப் பெட்டியும்

பண்டைக் காலத்தில் உப்பு வணிகர் மூட்டைகளை ஏற்றிய வண்டிகளோடு நெடுவழி சென்றனர். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் வண்டிக்கு என்ன நேருமோ என்று எண்ணி, அதன் அடியில் வேறோர் அச்சினையும் கட்டிக்கொண்டனர். அதனைச் ‘சேம அச்சு’ என்று ஔவையார் புறநானூற்றில் குறிக்கிறார். பழுதுற்ற உறுப்பை நீக்கி வேறோர் உறுப்பைப் பூட்டும் தொழில் நமக்குப் புதியதன்று. இக்காலத்தில் மலைவழி செல்லும் ஊர்திகளுக்கு, அச்சினைப் போலவே இன்றியமையாத உறுப்பு ஒன்று உண்டு. அதுவே பற்சக்கரப் பெட்டி. பட்டறைகளில் அதனைக் கியர்பாக்ஸ் என்பர்.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு நெல்லும் திராட்சையும் வாழையும் தென்னையும் செழித்த நிலம். அதன் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் எழுந்து நிற்கிறது. கம்பம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைமேலுள்ள குமுளியோ ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கூடலூர் வழியாகச் செல்லும் சாலை லோயர் கேம்ப்பைக் கடந்ததும் வளைந்து வளைந்து மலையேறுகிறது. கம்பம்மெட்டுக்கும் ஒரு மலைச்சாலை செல்கிறது. மலைக்கு அப்பால் ஏலத் தோட்டங்கள் உள்ளன. தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களும் ஆண்களும் காலையில் ஜீப்புகளில் மலையேறுவர். மாலையில் அவ்வழியே இறங்கி வீடு திரும்புவர். இவர்களுடைய உயிர் ஓட்டுநரின் கையில் மட்டுமன்றி, வண்டியின் அடியில் மறைந்துள்ள பற்சக்கரங்களிலும் தங்கியிருக்கிறது.

மாடு மெல்ல நடந்தாலும் வலிமையோடு இழுக்கும். எஞ்சினின் இயல்பு வேறு. அது போதிய விரைவோடு சுழலும்போதுதான் வலிமை பெறும். மிக மெல்லச் சுழன்றால் திணறி நின்றுவிடும். மலையேற்றத்தில் சக்கரமோ மெல்லத்தான் உருள இயலும். விரைந்து சுழலும் எஞ்சினையும் மெல்ல உருளும் சக்கரத்தையும் இணக்கி வைப்பதே பற்சக்கரப் பெட்டியின் பணி. 10 பற்களையுடைய சிறுசக்கரம் 28 பற்களையுடைய பெருஞ்சக்கரத்தைச் சுழற்றுவதாகக் கொள்வோம். பெருஞ்சக்கரம் ஒருமுறை சுழலச் சிறுசக்கரம் 2.8 முறை சுழல வேண்டும். விரைவு அந்த அளவுக்குக் குறையும்; திருகும் வலிமை ஏறத்தாழ அந்த அளவுக்கு மிகும். விரைவைக் கொடுத்து வலிமையை வாங்கும் வாணிகம் இது.

அமெரிக்க நாட்டு வில்லிஸ் நிறுவனம் 1953-ஆம் ஆண்டில் சிஜே-3பி என்னும் ஜீப்பை வெளியிட்டது. மகிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று அவ்வகை ஜீப்பை இந்தியாவில் பல்லாண்டுகள் செய்தது. வில்லிஸ் ஜீப்பின் பெட்டியில் முன்செல்லும் கியர்கள் மூன்று. பின்னச்சிலுள்ள பற்சக்கரங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் கியரில் சக்கரம் ஒருமுறை சுழல எஞ்சின் ஏறத்தாழ 15 முறை சுழலும். மூன்றாம் கியரில் 5 முறைக்குச் சற்று மிகுதியாகச் சுழலும். செங்குத்தான ஏற்றத்தில் ஓட்டுநர் முதல் கியரை நாடுவதன் காரணம் இதுவே.

ஏற்றத்தில் துணைபுரியும் பெட்டி இறக்கத்தில் உயிரையே காக்கிறது. வண்டி சரிவில் இறங்கும்போது சக்கரங்களே எஞ்சினைச் சுழற்ற முற்படும். எஞ்சின் அதனைத் தடுத்து வண்டியை அடக்கும். கியர் தாழ்ந்ததாயின் இத்தடை மிகும். இதனை விடுத்துப் பிரேக்கை மட்டும் இடைவிடாது அழுத்தினால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆதலால், ஏறுவதற்கு வேண்டிய கியரிலேயே இறங்குதல் மலைவழி ஓட்டுநர்க்கு நல்ல விதியாகும்.

நெடுநாள் உழைத்த பெட்டியில் பற்களின் முனை மழுங்கும், பேரிங்குகள் தளரும். அப்போது இட்ட கியர் தானே நழுவி வெளியே வரும். சமவெளியில் இது சிறு தொல்லை, இறக்கத்திலோ பேரிடர். கியர்க் கோலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காலந்தள்ளுதல் அறிவுடைமையாகாது. பெட்டியைப் பழுதுபார்க்க வேண்டும். பழுது மிகுந்திருப்பின் மாற்ற வேண்டும்.

மாற்றும் முறை பொறுமையை வேண்டுவது. முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பர். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாது, உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை இருத்துவர். பெட்டியிலுள்ள எண்ணெயை வடிப்பர். அதில் இரும்புத் துணுக்குகள் மின்னினால் பற்கள் உடைந்தமை புலப்படும். பின்னச்சுக்குச் செல்லும் நெடுந்தண்டை, மீண்டும் அதே நிலையில் பூட்டுதற்கு அடையாளமிட்டுக் கழற்றுவர். எஞ்சினின் பின்புறத்துக்கு முட்டுக் கொடுத்து, பெட்டியையும் தாங்கிப் பிடித்து, அதனை நேராகப் பின்னுக்கு இழுப்பர். பாரம் உள்தண்டின்மேல் தொங்கினால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும். புதிய பெட்டியைப் பூட்டுவதற்குமுன், பழைய உள்தண்டு ஒன்றைச் செருகிக் கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்துவர். தண்டுகள் நேர்ப்பட்டால் பெட்டி எளிதில் பொருந்தும். பொருந்தாவிடத்துப் போல்ட்டுகளை முறுக்கி வலிந்து இழுத்தல் கூடாது.

எப்பெட்டியும் எவ்வண்டிக்கும் பொருந்தும் என்று எண்ணுதல் தவறு. உள்தண்டின் நீளமும் அதன் வரிப்பற்களின் எண்ணிக்கையும் கிளட்ச் தட்டோடு ஒத்திருத்தல் வேண்டும். போல்ட்டுத் துளைகள் எஞ்சினோடு நேர்ப்பட வேண்டும். பெட்டி நீண்டாலும் குறுகினாலும் நெடுந்தண்டின் அளவும் மாறும். இவையெல்லாம் பொருந்தியபின்னும் பல் விகிதம் மலைவழிக்கு ஏற்றதா என்று நோக்க வேண்டும். விலை மலிவென்று பொருந்தாப் பெட்டியை வாங்குவோர் ஏற்றத்தில் வலிமையையும் இறக்கத்தில் காவலையும் இழப்பர்.

தானே கியரை மாற்றிக்கொள்ளும் பெட்டிகளும் உள்ளன. ஜெர்மானியப் பொறியாளர் எர்மன் ஃபொட்டிங்கர், சுழலும் ஆற்றலைத் திரவத்தின் வழியாகக் கடத்தும் கருவிக்கு 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். எதிரெதிரே வைத்த இரு மின்விசிறிகளுள் ஒன்றன் காற்றால் மற்றொன்று சுழல்வது போன்றது அதன் செயல். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-ஆம் ஆண்டில் தானியங்கிப் பெட்டியைக் கார்களில் அமைத்து விற்பனைக்குக் கொணர்ந்தது. அமெரிக்காவில் பழைய சரக்கு வண்டிகள் பலவற்றிலும் இவ்வகைப் பெட்டி உண்டு. இதனை மாற்றுவோர் திரவத்தைக் குளிர்விக்கும் குழாய்களையும் கழுவ வேண்டும். பழைய பெட்டியின் துணுக்குகள் அவற்றில் தங்கினால் புதிய பெட்டியும் கெடும். உரிய வகைத் திரவத்தையே உரிய அளவில் ஊற்ற வேண்டும். தானியங்கி வண்டியேயாயினும், மலையிறங்கும்போது தாழ்ந்த கியரைத் தேர்ந்து நிறுத்துதல் ஓட்டுநரின் கடமையே.

புதிய பெட்டி பூட்டிய வண்டியை முதலில் ஆளேற்றாமல் சமவெளியில் ஓட்டி, எண்ணெய்க் கசிவும் ஒலியும் நோக்கி, அதன்பின் மலைவழியில் சோதித்தல் முறை. மாலையில் தோட்டத்திலிருந்து இறங்கும் ஜீப்பில் இருப்போர் அப்பெட்டியைக் காண்பதில்லை. அதனைப் பூட்டிய தொழிலாளியையும் அறிவதில்லை. ஆயினும், அவர்கள் இல்லம் சேர்வது அவனுடைய நேர்மையாலேயாகும். பிறர் காணாத இடத்தில் செய்யும் தொழிலையும் பழுதறச் செய்தலே தொழிலறம்.