கோடியக்கரை படகின் டீசலும் பெருங்கப்பலின் எண்ணெயும்: கந்தக விதி எதை மாற்றியது?

வேதாரண்யம் பக்கம் கோடியக்கரையிலிருந்து மீன்பிடிக்கப் போகிற டீசல் படகின் டேங்கில் இருப்பது பிஎஸ்-6 டீசல். அதில் 10 லட்சம் பங்குக்கு 10 பங்குதான் கந்தகம் இருக்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க இதுதான் கணக்கு. லாரிக்கும் இதே டீசல்தான்.

அதற்குச் சில மாதம் முன்புவரை, அதாவது 2019 டிசம்பர் 31 வரை, பெரிய சரக்குக் கப்பல்கள் எரித்த எண்ணெயில் 35,000 பங்கு கந்தகம் இருக்க சர்வதேச விதியே அனுமதித்தது. 3,500 மடங்கு. எழுத்துப் பிழை இல்லை.

அப்படி என்னதான் எரித்தார்கள்?

கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் எடுத்தபின் அடியில் தங்குகிற கசடு. தார் மாதிரி இருக்கும். நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் என்ஜினுக்குள் போகும் அளவுக்கு இளகும். பெயர் பங்கர் எண்ணெய். விலை மலிவு, கடலில் கேட்க ஆளில்லை. அதனால் பல பத்தாண்டுகள் அப்படியே ஓடியது.

இந்தக் கந்தகம் எரிந்தால் சல்ஃபர் டை ஆக்சைடு. காற்றில் கலந்து நுண்துகளாக மாறி நுரையீரலுக்குள் போகும். ஐ.நா.வின் கப்பல் போக்குவரத்து அமைப்பான ஐஎம்ஓ, ‘மார்போல்’ ஒப்பந்தத்தின் ஆறாவது இணைப்பில் இதற்கு வரம்பு வைத்தது. முதலில் 4.5%, 2012-ல் 3.5%, 2020 ஜனவரி 1 முதல் 0.5%. கடைசிப் படியை 2025-க்குத் தள்ளிவைத்தால் உலக அளவில் 5.7 லட்சம் பேர் கூடுதலாக அகால மரணம் அடைவார்கள் என்று 2016-ல் ஐஎம்ஓ முன் ஓர் ஆய்வு வைக்கப்பட்டது. தள்ளிவைக்கவில்லை.

0.5% என்பதும் நம் படகு டீசலைவிட 500 மடங்குதான். ஆனால், ஆண்டுக்குச் சுமார் 85 லட்சம் டன் கந்தக ஆக்சைடு குறையும் என்பது ஐஎம்ஓவின் மதிப்பீடு.

கம்பெனிகள் என்ன செய்தன?

பெரும்பாலானவை கந்தகம் குறைந்த எண்ணெய்க்கு மாறின. 2020 தொடக்கத்தில் பழைய எண்ணெயைவிட அது டன்னுக்கு 300 டாலருக்கு மேல் கூடுதல் விலை. அந்தச் செலவு சரக்குக் கட்டணத்தில் ஏறியது. டெல்டா விவசாயி வாங்கும் டிஏபி, நம் அடுப்படிப் பாமாயில் எல்லாம் கப்பலில் வருபவை என்பதை நினைவில் வையுங்கள். பிறகு கொரோனா வந்து எண்ணெய் விலையே சரிந்துவிட்டதால் அடி பெரிதாகத் தெரியவில்லை.

சில ஆயிரம் கப்பல்கள் வேறு வழி பிடித்தன. புகைபோக்கியில் ‘ஸ்க்ரப்பர்’ என்ற கருவியை மாட்டிவிட்டு, பழைய மலிவு எண்ணெயையே எரிப்பது. கடல்நீரைப் பீய்ச்சிப் புகையைக் கழுவும் கருவி இது. விதி இதை அனுமதிக்கிறது.

சரி, கழுவிய நீர் எங்கே போகும்? திறந்தவகை ஸ்க்ரப்பராக இருந்தால் நேரே கடலுக்குத்தான். அமிலத்தன்மை, கன உலோகங்கள் எல்லாம் சேர்ந்து. காற்றில் போனதைத் தண்ணீரில் விடுகிறார்கள், அவ்வளவுதான். சிங்கப்பூர் தன் துறைமுக நீரில் இதை விடக் கூடாதென்று 2020 ஜனவரி 1-லேயே தடை போட்டது. கடல்நீரைப் பாத்தியில் பாய்ச்சி உப்பு எடுக்கிற வேதாரண்யத்துக்காரருக்கு இந்தக் கணக்கின் கோளாறை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இடி மின்னலுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

சுவாரசியமான பகுதி இதுதான். பாக் நீரிணை ஆழம் குறைவு என்பதால் பெருங்கப்பல்கள் கோடியக்கரைப் பக்கம் வருவதில்லை. இலங்கையின் தென்முனையான தெவிநுவரையைச் சுற்றி, அங்கிருந்து வங்கக் கடலின் தெற்கே நேர்கோடு போட்டதுபோல் மலாக்கா நீரிணைக்குப் போகின்றன. நம் கரையிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இருக்கும் அந்தப் பாதை, உலகின் மிக நெரிசலான கடல்வழிகளில் ஒன்று.

இந்தப் பாதைக்கு நேர் மேலே, பக்கத்துக் கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னல் விழுகிறது என்று 2017-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வரைபடத்தில் மின்னல் புள்ளிகளைக் குறித்தால் கப்பல் பாதை கோடாகவே தெரிந்தது. காரணம் புகை. கந்தகத் துகள் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு நீராவி துளியாகிறது. துகள் அதிகம் என்றால் துளியும் அதிகம், ஆனால் ஒவ்வொன்றும் சிறியது. சிறிய துளி சீக்கிரம் மழையாக விழாது. மேலே மேலே ஏறி உறைந்து பனிக்கட்டியாகும். பனித்துகள்கள் ஒன்றோடொன்று உரசும்போது மின்னூட்டம் பிரிகிறது. அதுதான் மின்னல்.

2020-க்குப் பிறகு அந்தப் பாதையில் மின்னல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. லண்டனில் ஒரு விதியைத் திருத்த, வங்கக் கடலில் மின்னல் குறைந்திருக்கிறது!

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதே துகள்கள் மேகத்தை வெண்மையாக்கி வெயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. புகை குறைந்ததும் கடல் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகிறது. பல ஆய்வுகள் ஒரு டிகிரியில் சில நூறில் ஒரு பங்கு என்கின்றன. சில அதற்கும் மேல் சொல்கின்றன. இதற்காக விதியே தவறு என்று வாதிடுபவர்கள், நுரையீரல் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

நம் கரைக்கு என்ன?

2005 ஜூலை 2-ல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் முடிந்திருந்தால் கப்பல்கள் பாக் நீரிணை வழியே, ராம்சர் பட்டியலில் இருக்கும் கோடியக்கரைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய கடலில் போயிருக்கும். அந்த விவாதத்தில் நம் காதில் விழுந்ததெல்லாம் ராமர் பாலமும் பவளப்பாறையும்தான், புகை அல்ல. அப்போது வரம்பு 4.5%.

இன்று நமக்குப் பக்கத்தில் கப்பல் வந்து நிற்கும் இடம், வடக்கே காரைக்கால் துறைமுகம். அங்கே பொருந்துவது 0.5% வரம்பு. பால்டிக் கடல், வட கடல், வட அமெரிக்கக் கரைகளில் 2015 முதல் 0.1%தான். ‘உமிழ்வுக் கட்டுப்பாட்டுப் பகுதி’ என்று இதற்குப் பெயர். மத்தியதரைக் கடலும் 2025 மே 1-ல் சேர்ந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலில் அப்படி ஒன்றுகூட இல்லை. இது தானாகக் கிடைக்காது; கரையோர நாடுகள் தரவுகளுடன் ஐஎம்ஓவிடம் கேட்க வேண்டும். மத்தியதரை நாடுகள் சேர்ந்து கேட்டன, 2022 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து கேட்க முடியாதா என்ன?

இப்போதைக்கு நடப்பது இதுதான். இந்தியத் துறைமுகத்தில் 0.5% எண்ணெயோடு நிற்கிற கப்பல், சூயஸ் தாண்டி மத்தியதரைக் கடலுக்குள் நுழையும் முன் 0.1% எண்ணெய்க்கு மாறியாக வேண்டும். மாற்றிய நேரம், கப்பல் இருந்த இடம், டேங்கில் மீதி எவ்வளவு என எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். திரும்பி வரும்போது, எல்லை தாண்டியதும் வால்வு மறுபடி பழைய எண்ணெய்க்குத் திரும்பும். அதைத் திருப்புகிற என்ஜினியர், பல கப்பல்களில் நம்ம ஊர்ப் பையன்தான்.